ஐந்து ரூபாய் மறதி

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 24ஆவது பிரிவை யாரும் ஆசையாக உட்கார்ந்து படித்திருக்க மாட்டார்கள். நான் படித்தேன். கோர்ட்டில் தண்டனை பெற்ற ஓட்டுநரின் லைசென்ஸில் அந்தக் குற்றத்தை எழுதி வைப்பது பற்றிய பிரிவு அது. ‘எண்டார்ஸ்மென்ட்’ என்பார்கள். எழுதிய பிறகு மூன்று வருடம் தொடர்ந்து வேறு எதுவும் ஏறவில்லை என்றால், பழைய லைசென்ஸைக் கொடுத்துவிட்டு, ஐந்து ரூபாய் கட்டி, குறிப்பு எதுவும் இல்லாத புது லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்கிறது அதற்கு அடுத்த 25ஆவது பிரிவின் ஓர் உட்பிரிவு. வேக வரம்பை மீறியது மட்டும்தான் குற்றம் என்றால் ஒரே வருடம் போதும்.

“சரி, மறந்துட்டேன், போ” என்று அரசாங்கம் சொல்வதற்குச் சட்டப் புத்தகத்திலேயே ஓர் இடம். அதற்குக் கட்டணம் ஐந்து ரூபாய். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த வரி கண்ணில் படாமல் போகாது. ஒரு பதிவை எந்த எண்ணோடு கட்டிவைப்பது, எவ்வளவு நாள் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்பதில்தான் எங்கள் தொழிலில் பாதி சண்டை நடக்கிறது.

போக்குவரத்து அபராதம் என்றாலே நம் ஊரில் பேச்சு தொகையில் ஆரம்பித்துத் தொகையிலேயே முடிந்துவிடும். “ஹெல்மெட்டுக்கு ஆயிரமாம்ப்பா!” நூறு ஆயிரமானது சின்ன விஷயமில்லைதான். ஆனால் 1914இலிருந்து வந்த சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அடியில் இன்னொரு கதை ஓடுவது தெரிகிறது. அரசாங்கம் நம் தப்பை எங்கே எழுதியது, யார் பெயரில் எழுதியது, எப்போது அழித்தது என்கிற கதை. திருச்சியில் வண்டி ஓட்டுகிறவனின் வாழ்க்கையைத் தொகையைவிட இதுதான் அதிகம் மாற்றியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

*

பிரிட்டனில் 1903இல் மோட்டார் கார் சட்டம் வந்தது. மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக்கூடாது என்றது. வண்டிக்கு ஒரு நம்பர், ஓட்டுகிறவருக்கு ஒரு லைசென்ஸ் என்று இரண்டு அடையாளங்களை உண்டாக்கியது. தண்டனை பெற்றால் அந்த விவரத்தை லைசென்ஸில் எழுத வேண்டும் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. வேலைப் பிரிவினை தெளிவானது. நம்பர் பிளேட் ஆளைப் பிடிப்பதற்கு, லைசென்ஸ் ஆளை ஞாபகம் வைத்துக்கொள்வதற்கு. இந்த இரண்டும் வேறு வேறு வேலை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு குழப்பம் வருவது இங்கேதான்.

இந்தியா முழுவதற்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. விதியை மீறினால் 100 ரூபாய் வரை அபராதம், ஏற்கெனவே தண்டனை பெற்றவர் என்றால் 200 வரை. அன்றைக்குக் கார் வைத்திருந்தவர்கள் ஜமீன்தார்களும் கலெக்டர்களும் பெரிய வியாபாரிகளும்தான். நூறு ரூபாய் அவர்களுக்கே கொஞ்சம் உறைத்திருக்கும். பிறகு 1939இல் ஒரு சட்டம், அதற்கு நடுநடுவே திருத்தங்கள். 1989 ஜூலை 1 அன்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் அமலுக்கு வந்தபோது, தனியாகத் தண்டனை சொல்லப்படாத குற்றங்களுக்கான 177ஆவது பிரிவில் இருந்த தொகை என்ன தெரியுமா? முதல் தடவை 100 ரூபாய் வரை, அடுத்த தடவை 300 வரை. 75 வருடம் கழித்து அதே நூறு. அடுத்த 30 வருடமும் அது அசையவில்லை. பெட்ரோல் ஏறியது, தங்கம் ஏறியது, ஸ்ரீரங்கத்தில் ஃபில்டர் காபி ஏறியது. ஹெல்மெட் போடாததற்கான நூறு மட்டும் மலைக்கோட்டை மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது.

பணத்துக்கு மதிப்பு இல்லாமல் போன அந்தக் காலத்தில் ஓட்டுநர்கள் எதற்குத்தான் பயந்தார்கள்? என் பெரியப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். பால்பண்ணையில் சரக்கு ஏற்றிக்கொண்டு கேரளா, கர்நாடகா என்று போய்வருவார். அவருடைய லைசென்ஸ் புத்தக வடிவில் இருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சட்டையின் உள்பையில் வைத்திருப்பார். 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் லைசென்ஸுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. படிவம் 6 புத்தகம், படிவம் 7 கார்டு. குற்றங்களைக் குறித்துவைக்கப் பக்கங்கள் இருந்தது புத்தகத்தில்தான். ஒருமுறை அவரிடம், “ஃபைன் போட்டா கஷ்டமா இருக்காதா பெரியப்பா?” என்று கேட்டேன்.

“கேஸ் எழுதினா ஃபைன முதலாளி கட்டிடுவாருடா. புக்குல எழுதிட்டா அதை யாருடா கட்டுவா?”

அபராதத்தின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பணத்தை இன்னொருவர் தலையில் கட்டலாம், புத்தகத்தில் ஏறிய எழுத்து ஓட்டியவரைவிட்டுப் போகாது. அடுத்த முதலாளி வேலைக்கு எடுக்கும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார். மூன்று வருடமும் ஐந்து ரூபாயும் என்ற மறதி ஏற்பாட்டின் அருமை அப்போதுதான் புரியும். தண்டனை ஆளோடு ஒட்டியிருந்தது, கூடவே அதற்கு ஒரு முடிவுத் தேதியும் இருந்தது.

*

இந்த ஏற்பாட்டைக் காலிசெய்தது ‘ஸ்பாட் ஃபைன்’. சட்டத்தின் 200ஆவது பிரிவுப்படி சில குற்றங்களை கோர்ட்டுக்குப் போகாமல் அந்த இடத்திலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளலாம். அப்படி முடித்துக்கொண்டால் அந்தக் குற்றத்துக்காக மேற்கொண்டு எந்த நடவடிக்கையும் கிடையாது. எல்லோருக்கும் வசதிதான். கோர்ட்டுக்குப் பாரம் குறைந்தது, நமக்கு அலைச்சல் மிச்சம். ஆனால் கோர்ட் இல்லையென்றால் தண்டனை இல்லை. தண்டனை இல்லையென்றால் லைசென்ஸில் எழுத எதுவும் இல்லை. ஒரே ஆள் திங்கட்கிழமை தலைமைத் தபால் நிலைய சிக்னலிலும், செவ்வாய்க்கிழமை பாலக்கரையிலும், புதன்கிழமை மாம்பழச்சாலையிலும் நூறு நூறாகக் கட்டிவிட்டுப் போனால், மூன்று நாளும் அது அவருடைய முதல் குற்றம்தான்.

‘இரண்டாவது தடவை 300’ என்று சட்டத்தில் எழுதியிருந்தது. இரண்டாவது தடவை என்று கண்டுபிடிக்கத்தான் வழியில்லை. எங்கள் பாஷையில் சொன்னால், சேமித்து வைக்காத தகவலைக் கேட்கும் நிரல் அது.

ஞாபகம் இல்லாத அரசாங்கம் சாதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதனால் விட முடியாது. இப்போதே, இங்கேயே பிடித்தாக வேண்டும். விட்டால் போச்சு. தமிழ்நாட்டில் 2015க்குப் பிறகு நடந்தவற்றை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். அந்த ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் பிறப்பித்த உத்தரவால் ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயமானது. போடாதவர்களின் ஆவணங்களைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட் வாங்கிய ரசீதைக் காட்டினால் திருப்பித் தரச் சொன்னது அந்த உத்தரவு. 2017 செப்டம்பரில் ஒரிஜினல் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது என்று ஒரு அறிவிப்பு. அரசாங்கத்திடம் பதிவு இல்லாததால் நம்மிடம் இருந்த காகிதத்தையே அது பிடித்துக்கொண்டது.

2018 மார்ச் 7 அன்று திருச்சி துவாக்குடிப் பக்கம் ஹெல்மெட் சோதனை நடந்தது. ஒரு தம்பதி பைக்கில் வந்தார்கள், நிற்காமல் போனார்கள். போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் ஒருவர் அவர்களைத் துரத்திப்போய், ஓடிக்கொண்டிருந்த வண்டியை எட்டி உதைத்தார் என்பது புகார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி கீழே விழுந்து இறந்துபோனார். ஆயிரக்கணக்கானவர்கள் அன்று இரவு தஞ்சாவூர் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார்.

அன்றைக்கு ஹெல்மெட் போடாததற்கான அபராதம் 100 ரூபாய்.

அந்த வாரம் எல்லோரும் அந்த ஆய்வாளரின் குணத்தைப் பற்றிப் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் ஒரு கேள்வி இன்னும் என்னை விடவில்லை. நூறு ரூபாய்க்காக ஒருவரைத் துரத்த வேண்டிய தேவை எங்கிருந்து வருகிறது? வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு, “போகட்டும், எங்கே போயிடப்போறான்” என்று சொல்ல முடிகிற போலீஸ்காரர் துரத்த வேண்டியதில்லை. அப்படிச் சொல்ல முடிவதற்குப் பின்னால் நம்பகமான ஒரு பதிவேடு வேண்டும்.

*

பதிவேடு வந்தது. அது வந்த வழியில் ஒரு தமிழ்நாட்டு டாக்டருக்குப் பங்கு உண்டு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகள் தொடர்பாக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதிவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், ஓட்டும்போது செல்போன் போன்றவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்கும்படி மாநிலங்களை அந்தக் குழு 2015இல் கேட்டுக்கொண்டது.

இதெல்லாம் எதற்காக என்பதை ஓர் எண் சொல்லிவிடும். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர். ஹெல்மெட் விதியைக் கிண்டல் செய்வதற்கு முன்னால் அந்தக் கடைசி எண்ணை ஒருமுறை படிக்க வேண்டும்.

2019 செப்டம்பர் 1 அன்று திருத்தச் சட்டத்தின் அபராதப் பிரிவுகள் அமலுக்கு வந்தன. பொதுக் குற்றம் 100இலிருந்து 500. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 500இலிருந்து 5,000. குடித்துவிட்டு ஓட்டினால் 2,000இலிருந்து 10,000. ஹெல்மெட் இல்லையென்றால் 1,000, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. நாடே அலறியது. பத்தே நாளில் குஜராத் தன் மாநிலத்தில் தொகைகளைக் குறைத்தது. வேறு சில மாநிலங்கள் இப்போதைக்கு வேண்டாம் என்றன. தமிழ்நாடும் மூன்று வருடம் இழுத்தடித்து, 2022 அக்டோபரில்தான் புதிய தொகைகளைக் கொண்டுவந்தது.

திருச்சிக்காரர்களுக்கு அந்த அக்டோபர் நன்றாக ஞாபகம் இருக்கும். ஸ்ரீரங்கத்தையும் டவுனையும் இணைக்கும் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்காக அந்தச் செப்டம்பரில்தான் மூடியிருந்தார்கள். திறந்தது 2023 மார்ச்சில். கார்களும் பஸ்களும் சென்னை பைபாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. திருவானைக்கோவில் பக்கம் சாயங்காலம் நகர முடியாது. ஒழுங்காகப் போவதற்கான வழி ஊரிலேயே நெருக்கடியாக இருந்த மாதத்தில் ஒழுங்காகப் போகாததற்கான விலை பத்து மடங்கு ஆனது. எங்கள் தெருவில் எல்லோரும் விலையைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஆனால் 2019 திருத்தத்தின் பெரிய மாற்றம் தொகைப் பட்டியலில் இல்லை. ஸ்பாட் ஃபைனுக்கான 200ஆவது பிரிவில் ஒரு வரி சேர்த்தார்கள். பணம் கட்டி முடித்துக்கொண்டாலும், அடுத்து அதே குற்றத்தைச் செய்தால் இது முன்குற்றமாகக் கணக்கில் வரும் என்கிற வரி. திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் இனிமேல் முதல் குற்றம் இல்லை. தமிழ்நாட்டில் வண்டி ஓட்டும்போது செல்போன் பேசினால் முதல்முறை 1,000, அடுத்த முறை 10,000. நடுவில் இருக்கும் அந்த 9,000 ரூபாய் முழுக்க ஞாபகத்தின் விலை.

இன்னொரு சின்ன மாற்றமும் நடந்தது. குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றிய 185ஆவது பிரிவில், இரண்டாவது குற்றம் மூன்று வருடத்துக்குள் நடந்தால்தான் கூடுதல் தண்டனை என்று முன்பு இருந்தது. அந்த மூன்று வருட வரம்பை எடுத்துவிட்டார்கள். 24 வயதில் ஒருமுறை, 44 வயதில் ஒருமுறை என்றாலும் இரண்டாவது இரண்டாவதுதான். குடித்துவிட்டு ஓட்டுவதற்கு இந்த நீண்ட ஞாபகம் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அபாயகரமாக ஓட்டுவதைப் பற்றிய 184ஆவது பிரிவில் மூன்று வருடம் அப்படியே இருக்கிறது. எதை எவ்வளவு நாள் நினைவில் வைப்பது என்று யாரோ ஒரு மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். தொகையைப் பற்றி நாடு கத்திய அளவில் நூற்றில் ஒரு பங்குகூட இதைப் பற்றிப் பேச்சு இல்லை.

*

சரி, ஞாபகம் வந்துவிட்டது. யாரைப் பற்றிய ஞாபகம்?

2019 திருத்தம் தேசிய அளவில் இரண்டு பதிவேடுகளைச் சட்டமாக்கியது. 25 ஏ பிரிவு ஓட்டுநர் உரிமங்களுக்கு, 62 பி பிரிவு வாகனங்களுக்கு. 1903இல் தொடங்கிய அதே ஜோடி. லைசென்ஸ் தரவு ‘சாரதி’யிலும் வண்டித் தரவு ‘வாகன்’னிலும் இருக்கிறது. காகிதத்தில் ரொம்ப அழகு. 2021 ஆகஸ்டில் மத்திய விதிகளில் 167 ஏ சேர்ந்தது. கேமரா போன்ற கருவிகளால் பதிவாகும் குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றது அந்த விதி.

கேமராவுக்குத் தெரிவது நம்பர் பிளேட். அது படிக்கும் எண் வண்டியின் எண். நோட்டீஸ் போவது வண்டியின் உரிமையாளருக்கு.

எங்கள் வீட்டு ஸ்கூட்டர் அம்மா பெயரில் இருக்கிறது. டிஎன் 48, ஸ்ரீரங்கம் ஆர்டிஓ. அம்மாவுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது, லைசென்ஸும் கிடையாது. அவள் பின்னால் உட்கார்ந்து ராஜகோபுரம் வரை போவதோடு சரி. வண்டியை ஓட்டுவது பெரும்பாலும் தம்பி. ஒருநாள் காலையில் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“டேய், நான் சிக்னல தாண்டிட்டேனாம். எப்படா தாண்டினேன்?”

தம்பி பணத்தைக் கட்டினான். வீட்டில் கொஞ்ச நாள் அம்மாவை ‘ரேஸர்’ என்று கூப்பிட்டோம். ஆனால் இ-சலான் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் குற்றம் வருகிறது. தம்பியின் லைசென்ஸ் நம்பரைப் போட்டால் எதுவுமே இல்லை, சுத்தமான ஆள். லைசென்ஸே இல்லாத அம்மா, அரசாங்கத்தின் ஞாபகத்தில் சிவப்பு விளக்கை மதிக்காதவள்.

ஓட்டியது யார் என்று உரிமையாளரிடம் கேட்பதற்குச் சட்டத்தில் 133ஆவது பிரிவு இருக்கிறது. நடைமுறையில் யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. பணம் வந்தால் சலான் முடிந்தது. பெரியப்பா சொன்னது தலைகீழாகிவிட்டது. அவர் காலத்தில் பணத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம், எழுத்து ஓட்டியவனை விடாது. இப்போது பணம் வண்டியைத் துரத்துகிறது, ஓட்டியவன் மேல் எதுவும் ஒட்டுவதில்லை. பணம் இருக்கிற வீட்டுப் பையனுக்கு இது வெறும் மாதாந்திரச் செலவு. வாடகை பைக்கில் தில்லைநகரில் சாப்பாடு டெலிவரி செய்யும் பையனுக்கு, வண்டிக்காரர் கூலியில் பிடித்துக்கொள்ளும் இரண்டு நாள் சம்பளம். செகண்ட்ஹேண்டில் வண்டி வாங்குகிறவருக்கோ, முன்னாள் உரிமையாளரின் சிக்னல்களும் சேர்ந்து வருகின்றன.

ஞாபகத்தை ஆளோடு கட்டிவைத்த ஊர்கள் இருக்கின்றன. ஜெர்மனியில் ஃப்ளென்ஸ்பர்க் என்று வடக்கு எல்லையில் ஒரு சின்ன நகரம். 1958 முதல் அந்நாட்டு ஓட்டுநர்களின் குற்றங்கள் அங்கேதான் பதிவாகின்றன. 1974இலிருந்து அவற்றுக்குப் புள்ளிகள் போடுகிறார்கள். 2014 சீர்திருத்தத்துக்குப் பிறகு எட்டுப் புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் காலாவதி உண்டு. குற்றத்தின் கனத்தைப் பொறுத்து இரண்டரை, ஐந்து, பத்து வருடம். நம் ஊர் ஆட்கள் நிறையப் பேர் ஓட்டுநர் வேலை பார்க்கும் சிங்கப்பூரிலும் 1983 முதல் புள்ளி முறை இருக்கிறது. பன்னிரண்டு மாதம் குற்றமில்லாமல் ஓட்டினால் புள்ளிகள் அழிந்துவிடும். இந்தியாவில் 2014இல் வெளியான வரைவு மசோதா ஒன்றில் புள்ளி முறை இருந்தது. 2019இல் வந்த திருத்தத்தில் அபராதங்கள் இருந்தன, புள்ளிகள் இல்லை.

மறதி என்பதை நாம் சலுகையாகப் பார்க்கிறோம். அந்த ஊர்களில் அது தண்டனையின் பாகம். இன்றிலிருந்து ஒழுங்காக ஓட்டினால் இந்தத் தேதியில் விடுதலை என்று சொல்லும்போதுதான் ஒழுங்காக ஓட்டுவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. கட்டாத சலானுக்கு அந்தத் தேதி கிடையாது, அது கடன் மாதிரி கிடக்கும். கட்டிய சலானிலிருந்து ஓட்டியவன் கற்றுக்கொள்ளவும் எதுவும் இல்லை, ஏனென்றால் அது அவனுடையதே இல்லை.

எனவே நான் கேட்க நினைப்பது தொகையைக் குறைக்கச் சொல்லி இல்லை. நோட்டீஸில் ‘ஓட்டியவர் யார்’ என்று ஒரு கட்டம் வேண்டும். அதில் எழுதும் லைசென்ஸ் எண்ணின் கீழ்தான் குற்றம் ஏற வேண்டும். தவறாக இன்னொருவர் பெயரை எழுதினால் மறுக்க அவருக்கு வழி வேண்டும். ஏறிய குற்றம் எந்தத் தேதியில் அழியும் என்பது அதன் பக்கத்திலேயே தெரிய வேண்டும். சாரதியையும் வாகன்னையும் இணைக்கும் இந்த வேலை தொழில்நுட்ப ரீதியாக ஒன்றும் பெரிதில்லை. இதைவிடச் சிக்கலானவற்றை நாங்கள் வாரக் கடைசிக்குள் முடித்துக்கொடுத்திருக்கிறோம்.

24, 25ஆவது பிரிவுகள் இன்னமும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. மூன்று வருடம், ஐந்து ரூபாய் எல்லாம் அப்படியே. எழுதி வைக்கப் பக்கங்கள் இருந்த அந்த லைசென்ஸ் புத்தகம்தான் இப்போது யாரிடமும் இல்லை. நம் பையில் இருப்பது ஒரு கார்டு. அதில் எழுத இடமில்லை, எழுதாததால் அழிக்கவும் எதுவும் இல்லை.